தூதராக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: எங்க அம்மிணி கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல மூணாம் வருசம் படிக்குதுங்க. வெளிநாட்டுத் தூதராகணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்குதுங்களா? தமிழ்ல பரீட்சை எழுதலாமுங்களா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: தனிப் படிப்பு என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள். எந்தப் பட்டமும் போதும், யு.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வு எழுதி இந்திய வெளியுறவுப் பணியில் சேர வேண்டும். வேளாண்மையையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். வெளியுறவுப் பணிக்கும் இந்திய வனப்பணிக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே, ஐ.எஃப்.எஸ். கோவையில் அப்படிச் சொன்னால் வனப்பணியைத்தான் பலரும் நினைப்பார்கள். அதற்கும் முதல்நிலைத் தேர்வு இதுவே, முதன்மைத் தேர்வு வேறு. விண்ணப்பத்தில் கவனம் தேவை.

தமிழில் எழுதலாம், முழுக்க அல்ல. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அதில் சிசாட் எனப்படும் திறனறித் தாளில் 200க்கு 66 எடுத்தே ஆக வேண்டும். பொது அறிவில் வெளுத்து வாங்கிவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணும் கழியும். முதன்மைத் தேர்வில் 250 மதிப்பெண் தாள்கள் ஏழையும், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். ஆனால் 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் 75 வராவிட்டால் அந்த ஏழு தாளும் கணக்கில் வராது. தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

பட்டத்தைவிட வயதுதான் பெரிய விஷயம். பொதுப்பிரிவுக்கு 21 முதல் 32 வரை, ஓ.பி.சி.க்கு 35 வரை எழுதலாம். ஆனால் சேர்ந்ததும் யாரும் தூதராவதில்லை. முசோரி குடிமைப்பணி அகாடமியிலும், டெல்லி சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்திலும் பயிற்சி. பிறகு அரபு, சீனம், ரஷ்யன் போல ஒதுக்கப்படும் ஒரு மொழியில் தேற வேண்டும். மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், ஆலோசகர் என ஏறித் தூதராக 15, 20 வருடம் பிடிக்கும். ஓய்வு 60இல். 23 வயதில் நுழைபவருக்கும் 34இல் நுழைபவருக்கும் கிடைக்கும் நாடுகள் ஒன்றாக இருக்காது. தூதராக ஒருவரை அனுப்ப அந்த நாட்டின் முன்சம்மதமும் வேண்டும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 1961 வியன்னா உடன்படிக்கை.

வேலை விருந்தும் கைகுலுக்கலும் மட்டுமல்ல. பாஸ்போர்ட், சிறையில் இருக்கும் நம்மவர்களைப் பார்ப்பது, இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புவது எல்லாம் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு வியாபாரி பாக்கி வைத்தால் தூதரகம் பேசிப் பார்க்கும், வசூலித்துத் தராது.

இறுதியாண்டு மாணவியாகவே முதல்நிலை எழுதலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1இல் 21 நிறைந்திருக்க வேண்டும். பணி விருப்ப வரிசையில் வெளியுறவுப் பணியை முதலில் குறிக்கட்டும். ஓ.பி.சி. என்றால் மாநில பி.சி. சான்றிதழ் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் வசதிபடைத்தோர் அல்லாதார் (நான்-கிரீமிலேயர்) சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து முன்பே வாங்கி வையுங்கள்.