தண்ணீர் கம்பெனி கைமாறினால் புது டெபாசிட் கட்ட வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மனை போட்டவர்களின் துணைக் கம்பெனிதான் தண்ணீர் விடுகிறது. அதன் தாய்க் கம்பெனியை ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் வாங்கிவிட்டதாம். "பழைய இணைப்பு செல்லாது, புது டெபாசிட் கட்டுங்கள்" என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாதீர்கள். உங்களோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி அப்படியே இருக்கிறது. அதன் தாய்க் கம்பெனியின் பங்குகள் யார் கையில் என்பதுதான் மாறியிருக்கிறது. நீங்கள் கட்டிய டெபாசிட்டும் பேசிய கட்டணமும் இதனால் ரத்தாகாது.

எனக்குக் கவலையெல்லாம் அந்த வீடு வீடாக வருபவரைப் பற்றித்தான். மலையில் எந்தச் சொத்து கைமாறினாலும் இப்படி ஒரு கூட்டம் முளைத்துவிடுகிறது. ரொக்கம் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், அவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சம்மதிக்கிறேன்" என்று உள்ளே எங்காவது ஒரு வரி இருக்கும். நீங்களாகவே உங்கள் உரிமையை எழுதிக் கொடுத்ததாகிவிடும். கம்பெனி லெட்டர்பேடில் கடிதம் கேளுங்கள். கம்பெனிகள் சட்டப்படி பில்லிலும் கடிதத்திலும் எழுத்தும் எண்ணும் கலந்த 21 இலக்க கம்பெனி அடையாள எண் (CIN) அச்சாகியிருக்க வேண்டும். பழைய பில்லையும் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றுதான் என்றால் கம்பெனியும் ஒன்றுதான், புது டெபாசிட்டுக்கு வேலையே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். பங்குகள் கைமாறியதோடு, கிணறும் தொட்டியும் இருக்கும் நிலத்தைத் தனியாக வேறொருவருக்குக் கிரயம் செய்திருந்தால் கதையே வேறு. பில் போடுவது அதே கம்பெனியாக இருக்கும், தண்ணீர் மட்டும் இன்னொருவர் நிலத்தில் இருக்கும். நாளைக்கு அவர் அங்கே ரிசார்ட் கட்டி, உங்களுக்கு வரும் பைப்பை வெட்டினால் கம்பெனி கையை விரித்துவிடும். அதனால் அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தில் தொட்டி இருக்கும் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் அந்த நிலம் பொது உபயோகத்துக்கு என்று காட்டப்பட்டிருந்தால் உங்கள் பக்கம் பலம். தண்ணீரே ஓடைப் புறம்போக்கிலிருந்து வருகிறது என்றால் அது அரசு நிலம், அதை விற்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் தண்ணீர் கம்பெனியின் தாய்க் கம்பெனியை வாங்குவதற்கே ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இங்கே மின்சாரக் கட்டணத்துக்கு ஆணையம் இருக்கிறது. மனைப்பிரிவில் தனியார் விடும் தண்ணீருக்கு விலை சொல்ல யாருமில்லை. இத்தனை மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுத்த அரசுக்கு இது ஏன் தோன்றவில்லை? கையில் இருப்பது 2016 ரியல் எஸ்டேட் சட்டம்தான். குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசிய சேவைகளைத் தர வேண்டியது மனை போட்டவரின் கடமை என்கிறது அதன் 11வது பிரிவு. அந்தச் சட்டத்தில் பதிவான மனைப்பிரிவு என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். டெபாசிட் தகராறு மட்டும்தான் என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

முதலில் வில்லங்கத்தைப் பாருங்கள். தொட்டி நிலத்தின் மேல் புதுக் கிரயம் ஏதாவது தெரிந்தால், அந்தப் பத்திர நகலை வாங்கிக்கொண்டு, தாமதிக்காமல் உள்ளூர் சிவில் வக்கீலைப் பார்த்துத் தடையுத்தரவுக்கு மனுப் போடுங்கள்.