நெருக்கடியில் எந்தப் போதகர் பேச்சைக் கேட்பது? - ஓய்வுபெற்ற ஆயரின் கேள்வி பதில்

ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கத்துச் சபைகளில் போதகராக முப்பத்து நான்கு வருஷம் ஊழியம் செய்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். "கஷ்டகாலத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, யார் சொல்றதைக் கேக்கறதுங்கய்யா?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் எழுதியது பரவி, அடுத்தடுத்து கேள்விகள் வந்துவிட்டன. எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஈரோடு: ஸ்தோத்திரமுங்கய்யா. கொரோனா சமயத்துல என் போன்ல மட்டும் பத்துப் பதினஞ்சு ஊழியக்காரங்க பேசினாங்க. ஒருத்தர் ஊசி போட்டுக்கன்னாரு, ஒருத்தர் போடாதேன்னாரு, இன்னொருத்தர் தேதி குறிச்சு அன்னைக்கு நோய் போயிரும்னாரு. எல்லார் கையிலயும் வேதம் இருந்துச்சு. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தா எப்படிங்க பிரிச்சுப் பாக்கறது?

வேதத்தில் எரேமியா 28-ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள். ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருக்கிற நேரம். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா தீர்க்கதரிசியும் "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அடுத்த அதிகாரத்தில் அவர் சிறைப்பட்டவர்களுக்கு எழுதுகிற கடிதத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது.

இரண்டு பேரும் கர்த்தர் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். அன்றைக்கு ஆலயத்தில் நின்றவன் எதை வைத்துப் பிரித்திருக்க முடியும்? அனனியாவின் பேச்சு கேட்கிறவனிடம் எதையும் கேட்கவில்லை, சும்மா காத்திரு என்றது. எரேமியாவின் பேச்சு நாளைக் காலையில் எழுந்து என்ன வேலை செய்வது என்பதைச் சொன்னது. பயத்தில் இருக்கிறவனுக்குத் தேதி கொடுக்கிறவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளுக்குள் ஒரு எச்சரிக்கை அடிக்கிறது.

இன்னொன்று செய்யுங்கள். 2020-இல் உங்கள் போனில் பேசியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். சொன்னது நடக்காமல் போன பிறகு, "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று யார் வந்து சொன்னார்கள்? நானும் அதில் தப்பினவன் இல்லை. அந்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் போனில் பேசிய பல வீடுகளிலும், ஏழு வாரம் கழித்து வருகிற பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குள் கோயில் திறந்துவிடும், தைரியமாக இருங்கள் என்று சொன்னேன். திறக்கவில்லை. ஒரு வயதான அம்மா அதை நம்பி, மகன் வீட்டுக்குப் போகாமல் தனியாகவே இருந்துவிட்டார்கள். ஜூன் மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பக் கூப்பிட்டு, அது என் ஆசை, கர்த்தர் சொன்னது இல்லை என்று சொன்னேன். அந்த அம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. அப்படித் திரும்பக் கூப்பிடாத ஊழியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அடுத்த நெருக்கடியில் அவர் பேச்சை ஓரமாக வையுங்கள்.

திருப்பூர்: ஐயா, பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்றோமுங்க, பன்னண்டு மெஷின். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து ஆர்டர் படுத்துப்போச்சு. டிவில ஒரு பாஸ்டர், கடன்ல இருக்கறவங்க விசுவாசத்துல ஒரு பெரிய தொகையை விதைச்சா நூறு மடங்கு அறுப்பீங்கன்னு சொல்றாரு. சம்சாரம் இருக்கற எட்டுப் பவுனையும் அடகு வெச்சு அனுப்பிரலாம்ங்குது. நான் தடுத்தா அவிசுவாசியாயிருவனோன்னு பயமா இருக்குதுங்க.

தடுங்கள் தம்பி. இன்றைக்கே தடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

உங்கள் வீட்டு அம்மிணியோடு உட்கார்ந்து 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை வாசியுங்கள். புருஷன் செத்துப்போய், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்து நிற்கிற ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். வீட்டில் ஒரு குடம் எண்ணெய் மட்டும் இருக்கிறது. எலிசா அந்தக் குடத்தைக் காணிக்கையாகக் கொடு என்று கேட்டாரா? அக்கம்பக்கத்தில் பாத்திரம் வாங்கி வரச் சொன்னார். எண்ணெய் பெருகிய பிறகும் ஒரு சொட்டு அவர் எடுக்கவில்லை. "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து" மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்றார். கடனில் இருக்கிறவர்களிடம் தேவமனுஷன் பேசுகிற விதம் அது. உங்கள் எட்டுப் பவுன் அந்த ஒரு குடம் எண்ணெய்.

காசு விஷயத்தில் அப்போஸ்தலர் பவுல் எவ்வளவு ஜாக்கிரதை என்று பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், யாரும் தன்மேல் குற்றம் சொல்லக்கூடாது என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதியிருக்கிறார். நீங்கள் டிவிக்கு அனுப்புகிற பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியுமா?

2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது உங்கள் ஊரில் ஓட்டுக் கட்டடத்தில் சபை நடத்திய ஒரு பாஸ்டரைத் தெரியும். காணிக்கைப் பை எடுப்பதை இரண்டு மாதம் நிறுத்திவிட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்தப் பிள்ளைக்குப் பீஸ் கட்டவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டு, வேலை இருந்த குடும்பங்களின் வாசலில் போய் நிற்பார். பிரசங்கம் சுமாராகத்தான் செய்வார். இன்றைக்கு உங்கள் நிலைமையில் நான் இருந்தால் அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிப் போவேன். அதோடு பேங்க்காரரிடம் போய்த் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவும் எலிசா சொன்ன வழிதான்.

கோபி: அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் ஒரு போதகர், மருந்தை நிறுத்தினால்தான் சுகம் பூரணமாகும் என்று சொல்லிவிட்டார். அம்மா இப்போது ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன் கண்ணு, நேரம் சொல். அதுவரை இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கிடைத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்கும் மருந்தும் ஒரே வீட்டில் இருந்தன. 1527-இல் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது, சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் ஒரு கடிதம் எழுதினார். மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, உன் உதவி தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயை வாங்கி வராதே என்று அதில் இருக்கிறது. அவரோ ஊரைவிட்டுப் போகாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கியதும், ஈரோட்டில் மிஷனரிகள் ஆஸ்பத்திரி கட்டியதும் ஜெபத்தில் நம்பிக்கை இல்லாமலா? நம் தாத்தா பாட்டிகளில் பாதிப்பேர் சபைக்கு வந்ததே அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான்.

மருந்தை நிறுத்து என்று சொல்கிற போதகர் எந்தச் சபையாக இருந்தாலும், எத்தனை அற்புதம் செய்ததாகச் சொன்னாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 2020 மார்ச்சில் தென்கொரியாவில் ஒரு சபையில், கிருமி செத்துவிடும் என்று நம்பி ஒவ்வொருவர் வாயிலும் ஒரே குப்பியால் உப்புத்தண்ணீர் தெளித்தார்கள். 40க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, போதகருக்கும் வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். நல்ல எண்ணம் மட்டும் போதாது.

அடுத்த கீமோ எந்தத் தேதி என்று எழுது.

பொள்ளாச்சி: எங்க சபை ஐயர் பேசறது தூக்கம் வருது. யூடியூப்ல பெரிய பெரிய பிரசங்கியார்களைக் கேக்கறேன். தப்பா?

தப்பில்லை, கேள் தம்பி. அப்பா ஐசியூவில் இருக்கும்போது ராத்திரி ஒரு மணிக்கு யாருக்குப் போன் போடுவாய் என்று மட்டும் யோசித்து வை.

கரூர்: எங்க தெருவுல தீவிபத்துல ஒரு குடும்பமே போயிருச்சுங்க. அடக்கத்துல வந்த ஊழியக்காரர், பாவத்துக்கு வந்த தண்டனைன்னு பேசிட்டாரு. மனசு ஆறவே மாட்டேங்குது.

உங்கள் மனசு ஆறாமல் இருப்பது சரிதான். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார். அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று சொன்னார். லூக்கா 13. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். ஆண்டவர் இரண்டு தடவை மறுத்ததை ஒருவர் பிரேதத்தின் பக்கத்தில் நின்று சொல்கிறார் என்றால், அவருக்கு வேதமும் தெரியவில்லை, மனுஷர் படும் வேதனையும் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து உறவுக்காரர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் அந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள்.

கோவை: எல்லாப் பெரிய ஊழியங்களும் ஒரே மாதிரி சொன்னால் அதைக் கேட்கலாம்தானே?

ஆகாப் ராஜா போருக்குப் போகலாமா என்று கேட்டபோது நானூறு தீர்க்கதரிசிகள் போகலாம் என்றார்கள். மிகாயா ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்றார். ராஜா போனான், செத்தான். 1934-இல் ஜெர்மனியில் ஹிட்லருக்கு ஏற்றபடி சபையை வளைக்கப் பல போதகர்கள் தயாராக இருந்தபோது, பார்மென் நகரில் கூடி மறுப்பு எழுதியவர்களும் போதகர்கள்தான். தலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ராஜாவின் சோற்றைச் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள்.

தாராபுரம்: ஐயா, ஊட்டுக்காரர் குடிச்சுப்போட்டு அடிக்கறாருங்க. ஏழு வருசமா. பாஸ்டரய்யாகிட்டச் சொன்னேன். கீழ்ப்படிஞ்சு நடந்து, உபவாசம் பண்ணி ஜெபிம்மா, மாறிருவாருன்னாரு. போன வாரம் புள்ளையையும் அடிச்சுட்டாரு.

தாயி, உன் எழுத்தை நாலு தடவை வாசித்தேன்.

முதலில் நீயும் பிள்ளையும் ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பது முக்கியம். அம்மா வீடோ அக்கா வீடோ இருந்தால் இன்றைக்கே போ. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், பெண்களுக்கான உதவி எண். பிள்ளைக்காக 1098. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கலெக்டர் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

உன் பாஸ்டர் 1 பேதுரு மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைச் சொல்லியிருப்பார். ஏழாம் வசனம்வரை அவர் போகவில்லை. மனைவிக்குக் கனம் கொடுக்காத புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று அதில் இருக்கிறது. அடிபடுகிறவளை உபவாசம் இருக்கச் சொல்லி, அடிக்கிறவனிடம் ஒரு வார்த்தை பேசாத மேய்ப்பன் ஓநாய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறான். எங்கள் ஊழியர்களில் ரொம்பப் பேர் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் தாயி.

மேட்டுப்பாளையம்: காலேஜ் படிக்கிற மகன் ரூமை விட்டு வெளியே வருவதில்லை, சாக வேண்டும் என்கிறான். பிசாசு பிடித்திருக்கிறது, மூன்று நாள் சபையில் விடுங்கள் என்கிறார் பாஸ்டர்.

விடாதீர்கள். இன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியான டெலிமானஸ் சேவை இருக்கிறது, தமிழில் பேசலாம். அவனைத் தனியாக விடாமல் யாராவது கூட இருங்கள். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றவர்தான். தூதன் அவரை அதட்டவில்லை. தூங்கவிட்டான், தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். உங்கள் போதகர் அப்படி வருகிறவராக இருந்தால் வீட்டுக்குள் விடுங்கள்.

நாமக்கல்: நான் இந்துங்க. தங்கச்சி ஒரு ஜெபக்குழுவுக்குப் போறா. சம்பளம் பூராவும் அங்கே போகுது, அப்பாவுக்கு மாத்திரை வாங்கக்கூடக் குடுக்கறதில்லை. எங்ககூடப் பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்களாம். கிறிஸ்தவத்துல அப்படித்தானுங்களா?

இல்லைங்க. பெற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். மாற்கு 7-ஆம் அதிகாரம். தங்கச்சியிடம் அதை நீங்களே வாசித்துக் காட்டலாம், நீங்கள் வாசித்தால் தப்பில்லை. வீட்டோடு பேசாதே, வேறு சபைக்குப் போகாதே, என்னிடம் கேள்வி கேட்காதே என்று மூன்றையும் சொல்கிற இடம் ஆபத்தான இடம். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஒத்துப் பார்த்தார்கள், அதற்காகப் புகழப்பட்டார்கள். தங்கச்சியோடு சண்டை போடாதீர்கள். பொங்கலுக்குக் கூப்பிடுங்கள், வரவில்லை என்றாலும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். என்றைக்காவது அவள் திரும்பி வர வாசல் திறந்திருக்க வேண்டும்.

அந்தியூர்: ஐயா, ஊழியத்துக்கு வந்து ரெண்டு வருஷந்தானுங்க ஆகுது. சபையில ஒரு சின்னப் புள்ளை செத்துப்போச்சு. என்ன பேசறதுன்னே தெரியாம பேசாம உக்காந்திருந்துட்டு வந்துட்டனுங்க. நான் தவறிட்டனா?

பெற்ற பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ராப்பகல் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்த பிறகுதான் தப்பு வந்தது. நாளைக்கு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போ தம்பி. ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால், எனக்கும் தெரியலைங்க என்று சொல். பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலமும் போ.