கான்ட்ரா நடனத்தில் காலர் சொல்வதை எப்படிப் பிடிப்பது?

பாஸ்டனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, உடன் வேலை செய்பவர்கள் கான்ட்ரா நடனத்துக்குக் கூப்பிடுகிறார்கள், மேடையில் ஒருவர் மைக்கில் மளமளவென்று ஏதோ சொல்கிறாராம், புரியுமா, ஜோடி இல்லாமல் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஜோடிகள் நீள வரிசைகளாக நின்று, ஒவ்வொரு சுற்றிலும் எதிரே வரும் புது ஜோடியோடு நால்வராக ஆடும் கூட்டு நடனம்தான் கான்ட்ரா. ஜோடி தேவையில்லை. ஒவ்வொரு நடனத்துக்கும் ஆள் மாற்றித்தான் ஆடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடலாம்; மனமில்லாவிட்டால் "வேண்டாம், நன்றி" போதும். கான்கார்டின் ஸ்கவுட் ஹவுஸ், கிரீன்ஃபீல்டின் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் எல்லாம் இதற்குப் பேர்போன கூடங்கள். பல இடங்களில் நடனத்துக்கு முன் புதியவர்களுக்கு அரை மணி நேரம் சொல்லித்தருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

மேடையில் சொல்பவர்தான் காலர். அவரை நட்டுவனார் மாதிரி நினைத்துக்கொண்டு போனால் முதல் சுற்றிலேயே இடறும். நட்டுவனார் சொல்லும் சொல்லும் ஆடுபவரின் காலும் ஒன்றாக விழும். காலர் சொல்வதோ அடுத்து வரப்போகிற அசைவை. சொன்ன கையோடு திரும்பிவிட்டால் நீங்கள் இசையை முந்திவிட்டீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் இன்னும் பழைய அசைவை முடித்திருக்க மாட்டார்.

கணக்கு நமக்குப் பழகியதுதான். ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை, அதாவது ஆதி தாளத்தில் 8 ஆவர்த்தனம். எண்ணிக்கைக்கு ஓர் அடி. பெரும்பாலான அசைவுகள் 8 அல்லது 16 எண்ணிக்கை. வாத்தியக்காரர்கள் நிமிடத்துக்கு 110 முதல் 120 வரை வாசிப்பதால் ஒரு சுற்று அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும்.

ஓர் எளிய நடனத்தைப் பாருங்கள். எதிர் ஜோடியில் உங்கள் முன்னே நிற்பவர்தான் நெய்பர். அவரோடு பேலன்ஸ் (முன்னும் பின்னும் அடி வைப்பது) 4, ஸ்விங் (இருவரும் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் சுற்றுவது) 12. வரிசையாகக் கைகோத்து முன்னே போய்ப் பின்னே வருவது 8. ராபின்கள், அதாவது ஜோடியில் வலப்பக்கம் நிற்பவர்கள், இருவரும் குறுக்கே கடக்கும் செயின் 8. சொந்த ஜோடியோடு பேலன்ஸ் 4, ஸ்விங் 12. நால்வரும் இடப்பக்கமாக முக்கால் வட்டம் 8, வட்டத்திலேயே பேலன்ஸ் 4, கடந்து போவது 4. இப்போது உங்கள் முன்னே புது நெய்பர். மறுபடி முதலிலிருந்து.

இதில் வரிசை முன்னே போகிற நான்கு எண்ணிக்கையும் காலர் பேசமாட்டார். பின்னே வரும்போது 5, 6-இல் வாயைத் திறந்து, "ராபின்ஸ் செயின்" என்பதை 8-க்குள் முடித்துவிடுவார். அடுத்த ஒன்று விழும்போது ராபின்கள் கை நீட்டியிருக்க வேண்டும். நல்ல காலரின் திறமையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு எண்ணிக்கை தாமதித்தால் கூடமே தாமதிக்கும். ரொம்ப முன்னால் சொன்னால் பாதிப் பேர் ஸ்விங்கைப் பாதியில் விட்டுவிடுவார்கள்.

லார்க், ராபின் என்பவை ஆடுபவரின் இடத்தைக் குறிக்கும் பெயர்கள். பல கூடங்களில் ஆண், பெண் என்று சொல்வதை விட்டு இப்படி மாற்றிவிட்டார்கள். ஸ்விங் முடியும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம். இதை மட்டும் மறக்காதீர்கள். பக்கம் மாறி நின்றால் அடுத்த செயினில் நான்கு பேரும் சிக்கிக்கொள்வார்கள்.

இசை தொடங்குமுன் காலர் நடனத்தை ஒருமுறை நடத்திக் காட்டுவார், அதுதான் வாக் த்ரூ. அப்போது பேசாமல் காலை நகர்த்துங்கள். இசை தொடங்கியதும் முதல் சில சுற்றுகளுக்கு முழுதாகச் சொல்வார். பிறகு "செயின்", "வட்டம்" என்று ஒற்றைச் சொல்லாகக் குறையும். அப்புறம் சத்தமே இருக்காது. புதியவர்கள் பயப்படுவது இங்கேதான். ஆனால் அவர் போய்விடவில்லை. வரிசைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார், எங்காவது குலைந்தால் திரும்பச் சொல்வார். அந்த மௌனத்தில் இசை தானாக உங்களை நகர்த்தும். இந்த நடனத்தின் பெரிய சந்தோஷம் அதுதான்.

தவறினால் தவறவிட்ட அசைவைத் துரத்தவே கூடாது. அதை விட்டுவிட்டு அடுத்த அசைவுக்கு வந்துவிடுங்கள். அதிகம் குழம்புவது அந்த முக்கால் வட்டம்: முழு வட்டம் சுற்றிவிட்டால் கடந்து போகத் திசையே இருக்காது. முக்காலில் உங்கள் நெய்பர் நேர் எதிரே வந்துவிடுவார், அங்கே நில்லுங்கள்.

வரிசையின் முனைக்குப் போனால் எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஜோடியோடு இடம் மாற்றி, வரிசையைப் பார்த்து, ராபின் வலப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இதை மறந்துதான் பலர் தப்பான பக்கத்தில் உள்ளே நுழைகிறார்கள். அதனால் முதல் நாள் வரிசையின் வால்பக்கம் நிற்காமல் நடுவில், பழகியவர்களுக்கு இடையே சேர்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் ராபினாக ஆடினால், ஸ்விங்கில் லார்க்கின் கை உங்கள் முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும். அது ஒவ்வாவிட்டால் இரண்டு கைகளையும் கோத்துச் சுற்றலாம், கேட்டால் உடனே மாற்றிக்கொள்வார்கள். தலை சுற்றினால் சுவரைப் பார்க்காதீர்கள், எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். முகம் கூச்சமாக இருந்தால் காது.

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். அடி வழுவழுப்பான, தெருவில் போடாத காலணி ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் ஒட்டி வரும் உப்பும் மணலும் மரத்தரையைக் கீறிவிடும்.