விடிந்ததும் அவிழ வேண்டும்

கேள்வி: ஐயா, கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் உரிமையாளரின் அனுமதியோடு நண்பர்கள் ஐந்து பேர் தங்கினோம். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நைலான் கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டோம். நள்ளிரவு மழையில் அது தொட்டில் போலத் தொங்கி, நடுவே குடம் குடமாய்த் தண்ணீர் தேங்கியது. காலையில் முடிச்சு அவிழவே இல்லை, கத்தியால் அறுத்தோம். எந்த முடிச்சு போட்டிருக்க வேண்டும்?
(ஒரு வாசகர், ஆத்தூர்)

பதில்: ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து முடிச்சு போட்டிருப்பீர்கள். முப்பது ஆண்டுகள் சாரண ஆசிரியராக இருந்தவன் நான். அறுத்த கயிற்றைப் பார்த்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

முதலில் கயிற்றைச் சொல்கிறேன். நைலான் நனைந்தால் நீளும். அந்தி நேரத்தில் வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினாலும் மழையில் தொய்ந்துவிடும். நான் சாரணனாக இருந்த காலத்தில் இதற்கு நேர்மாறு. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். மழை வரும்போல் இருந்தால், படுக்கப் போகுமுன் எல்லாக் கயிற்றையும் தளர்த்திவிட்டுத்தான் போவோம். மறந்தால் தரையில் அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வரும். எந்தக் கயிறானாலும் இரவில் ஒருமுறை தொட்டுச் சரிசெய்ய வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற முடிச்சு வேண்டும். இரு மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைத் தாங்கும் முகட்டுக் கயிற்றுக்குப் பாலியெஸ்டர் வாங்குங்கள், அவ்வளவாக நீளாது.

முகட்டுக் கயிற்றின் ஒரு முனையை மரத்தைச் சுற்றி, இறுகிச் சுருங்காத வளையமாக நிற்கும் போலைன் முடிச்சாகப் போடுங்கள். எவ்வளவு பாரம் தாங்கினாலும், இழுவை நின்ற பிறகு அதன் முதுகைக் கட்டைவிரலால் மடக்கித் தள்ளினால் இளகிவிடும்.

மறுமுனைக்குத்தான் வித்தை இருக்கிறது. அதை எனக்குக் கற்றுத் தந்தவர் சங்ககிரியில் லாரிக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்த ஒரு கிளீனர். பதினெட்டு வயதுகூட இருக்காது. கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு வைத்தார், நுனியைக் கொக்கியில் மாட்டித் திருப்பி அந்தச் சுருக்குக்குள் விட்டு, காலை உதைத்து இழுத்தார். படுதா பலகை போல நின்றது. ஆங்கிலத்தில் இதை ட்ரக்கர்ஸ் ஹிட்ச் என்பார்கள். கணக்குப்படி கை இழுப்பதைப் போல மூன்று மடங்கு இழுவை. உரசலில் பெரும்பகுதி போனாலும் மிச்சமே தாராளம். நீங்கள் கொக்கிக்குப் பதில் மரத்தைச் சுற்றி வாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுருக்கை நுனிப் பக்கத்துக் கயிற்றிலிருந்து மடித்தெடுக்க வேண்டும். எதிர்மரத்துப் பக்கத்திலிருந்து எடுத்தால் இழுக்க இழுக்கச் சுருக்கு மூடிக்கொள்ளும். கடைசி முடிச்சில் நுனியை முழுதும் உருவாமல், செருப்பு நாடா போல மடிப்பாக விடுங்கள். விடிந்ததும் ஒரே இழுப்பில் அவிழும்.

தார்ப்பாயின் இரு முனைகளும் முகட்டுக் கயிற்றில் நகராமல் நிற்க, சிறு கயிற்று வளையங்களைப் பிரஸிக் முடிச்சாக மும்முறை சுற்றி மாட்டுங்கள். கார்ல் பிரஸிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-இல் அறிமுகப்படுத்தியது. தளர்ந்திருக்கும்போது கையால் நகரும், பாரம் ஏறினால் கவ்வும். வளையக் கயிறு முகட்டுக் கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் சரியாகக் கவ்வாது.

தார்ப்பாயின் ஓரங்களை முளைகளோடு இழுத்துக் கட்டும் பக்கக் கயிறுகளுக்கு, நகர்த்தி இறுக்கக்கூடிய டாட்லைன் ஹிட்ச் முடிச்சு. முளையைச் சுற்றி வந்த நுனியை, வளையத்துக்கு உள்ளேயே பிரதானக் கயிற்றில் முளையை நோக்கி இரண்டு சுற்று; பிறகு வளையத்துக்கு வெளியே, மேலே, அதே திசையில் ஒரு சுற்று. இறுக்கிவிட்டால் முடிச்சைக் கையால் மேலே தள்ளலாம், தானாக இறங்காது. நள்ளிரவில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கையால் இறுக்கியிருக்கிறேன். மிகவும் வழவழப்பான கயிற்றில் மட்டும் உள்ளே ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: கயிறு எட்டவில்லை என்றால் இரண்டை ரீஃப் முடிச்சால் இணைக்கலாமா? என் மகளுக்குப் பள்ளியில் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள்.
(ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம் அம்மா. ரீஃப் முடிச்சு காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கு அருமையானது, தட்டையாகப் படியும். இரண்டு கயிறுகளை இணைத்துப் பாரம் ஏற்றினால், அதுவும் தடிமன் வேறுபட்டால், நழுவிவிடும். ஷீட் பெண்ட் போடச் சொல்லுங்கள். தடித்த கயிற்றை மடித்து, மெல்லியதை அந்த மடிப்புக்குள் விட்டு, பின்புறமாகச் சுற்றித் தன்னடியிலேயே நுழைக்க வேண்டும். நைலானுக்கு இரண்டு சுற்று.

கேள்வி: தார்ப்பாயின் மூலைக் கண் பிய்ந்துவிட்டது. தூக்கிப்போட வேண்டியதுதானா?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: நெல்லிக்காய் அளவு வழவழப்பான கூழாங்கல் ஒன்றை எடுங்கள். கிழிந்த இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, அதைத் தார்ப்பாயில் பொதிந்து, கழுத்தில் கிளோவ் ஹிட்ச் (இரண்டு சுற்று சுற்றி, நுனியை இரண்டாம் சுற்றுக்கு அடியில் நுழைக்கும் முடிச்சு) போட்டு இறுக்குங்கள். பொத்தான் போல நிற்கும். கூர்முனை உள்ள ஜல்லிக்கல் மட்டும் ஆகாது, ஒரே காற்றில் தார்ப்பாயைக் கிழித்துவிடும்.