ரைடிங் கியர் கேள்வி பதில்: தலை முதல் கால் வரை

இன்று ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் பற்றி மட்டும் கேளுங்கள். ஹெல்மெட் கேட்பவர்கள் தலைச் சுற்றளவைச் செ.மீ.யில் எழுதிவிட்டுக் கேளுங்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்ற வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் யாருக்கும் ஹெல்மெட் சொல்ல முடியாது.

சேலம் எம்டி: அண்ணா, என் தலை 58. கடையில 'எம்' போட்டா கன்னம் அமுக்குது, 'எல்' வசதியா இருக்கு. எதை எடுக்கட்டும்?

'எம்'. புது ஹெல்மெட் கன்னத்தை அமுக்கத்தான் வேண்டும். கன்னப் பேட் சில வாரங்களில் படிந்து தளரும். கடையில் வசதியாக இருக்கும் 'எல்' அதற்குள் ஆடத் தொடங்கிவிடும்.

போட்டுப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். ஸ்ட்ராப்பை மாட்டுங்கள். தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். கன்னத் தோலும் கூடவே இழுபட வேண்டும். அடுத்து, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளுங்கள். ஹெல்மெட் கழன்று வந்தால் அது உங்களுக்கான அளவில்லை. இரண்டிலும் தேறினால் கழற்றாமல் பதினைந்து நிமிடம் கடையிலேயே நில்லுங்கள். கன்னம் அமுங்குவது சரி. நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தாலோ, கழற்றியதும் அங்கே சிவந்திருந்தாலோ வாங்காதீர்கள். அது சைஸ் கோளாறல்ல, வடிவக் கோளாறு. உங்கள் தலை நீள்வட்டம், அந்த ஹெல்மெட்டின் உட்புறம் வட்டம். சைஸைக் கூட்டினால் வலி போகும், பிடிமானமும் போய்விடும். வேறு மாடல் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒன்று: ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும். இரட்டை டி வளையம் என்றால் பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திரும்ப ஒரு வளையத்துக்குள் மட்டும் எடுத்து இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் சின்னப் பட்டன், மிச்சப் பட்டை காற்றில் அடிக்காமல் இருக்க மட்டுமே. அந்தப் பட்டனை மட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்களை சிக்னலுக்கு சிக்னல் பார்க்கலாம்.

அம்பத்தூர் கிளாசிக்: ஐ.எஸ்.ஐ. போதுமா சார், இல்ல ஈ.சி.ஈ. இருக்கறதத்தான் வாங்கணுமா?

முதலில் சட்டம். 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தர எண் ஐ.எஸ். 4151. எனவே ஐ.எஸ்.ஐ. என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் ஈ.சி.ஈ. என்ற ஐரோப்பியத் தரச் சான்றும் இருந்தால் நல்லது, பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே எடுங்கள்.

ஈ.சி.ஈ.யிலும் 22.05, 22.06 என்று இரண்டு பதிப்புகள் கடையில் கலந்து கிடக்கின்றன. பழைய 22.05இல் மோதல் சோதனை விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் நடந்தது. 22.06இல் 6, 7.5, 8.2 என்று மூன்று வேகம். மெதுவான மோதலையும் ஏன் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். பலத்த அடிக்கு மட்டும் கணக்குப் பார்த்து உள் அடுக்கைக் கெட்டியாகச் செய்தால், சின்ன அடியில் அது அமுங்காமல் அதிர்வை அப்படியே மண்டைக்குக் கடத்திவிடும். இன்னொன்று, சாய்வான தளத்தில் இடிக்கவிட்டுத் தலை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளப்பதும் 22.06இல்தான் வந்தது. நிஜத்தில் தலை பெரும்பாலும் ரோட்டில் சாய்வாகத்தான் படும். அந்தத் திடீர்ச் சுழற்சி மூளையை மோசமாகப் பாதிக்கும். ஆகவே விலை பக்கத்தில் இருந்தால் 22.06.

ஸ்ட்ராப்பில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் நாட்டு எண்ணும் இருக்கும். 3 என்றால் இத்தாலி, 9 என்றால் ஸ்பெயின். சான்று கொடுத்த நாடு அது, ஹெல்மெட் தயாரித்த நாடு அல்ல. வரிசை எண் 06 என்று தொடங்கினால் 22.06. பின்னால் 'பி' என்றால் தாடைப் பகுதிக்கும் பாதுகாப்புச் சான்று உண்டு, 'ஜே' என்றால் திறந்த முக ஹெல்மெட், 'என்.பி.' என்றால் தாடைப் பகுதி இருந்தும் அதற்குச் சான்று இல்லை. தாடைப் பகுதியை மேலே தூக்கும் மாடுலர் ஹெல்மெட் வாங்குகிறவர்கள் இந்த எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டாட் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் அந்த முறையில் தயாரிப்பாளரே தன் ஹெல்மெட் தேறியது என்று சொல்லிக்கொள்ளலாம். விற்பனைக்கு முன் அரசு சோதிப்பதில்லை. அந்த ஸ்டிக்கரும் தனியாகக் கடையில் கிடைக்கிறது.

போலி ஐ.எஸ்.ஐ.யைக் கண்டுபிடிக்க, முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போடுங்கள். நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். எண்ணே இல்லாத முத்திரை வெறும் படம்.

நெல்லை பல்சர்: 2000 ரூபாய்க்குள்ள நல்ல ஹெல்மெட் ஒண்ணு சொல்லுங்க ப்ரோ.

தலை அளவு எழுதவில்லை. பொதுவாகச் சொன்னால், அந்த விலைக்கு உண்மையான ஐ.எஸ்.ஐ. உள்ள முழு முக ஹெல்மெட் கிடைக்கும். கிராஃபிக்ஸ் இல்லாத ஒற்றை நிறத்தை எடுத்தால் அதே பணத்துக்கு ஒரு படி மேலான மாடல் வரும். பாதி மண்டையை மூடும் தொப்பி வகை எந்த விலையிலும் வேண்டாம்.

கோவை டியூக்: பார்க்கிங்ல டேங்க் மேல வெச்ச ஹெல்மெட் கீழ விழுந்துடுச்சு. 9000 ரூபாய் ஹெல்மெட். ஒரு தடவை விழுந்தா தூக்கிப் போடணும்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

இல்லை. காலி ஹெல்மெட் டேங்க் உயரத்திலிருந்து விழுந்ததற்கெல்லாம் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் பரிசோதிக்க வேண்டும்.

கோவை டியூக்: எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களே?

கணக்குப் போடுவோம். ஒன்றரைக் கிலோ ஹெல்மெட், ஒரு மீட்டர் உயரம்: சுமார் 15 ஜூல். ஈ.சி.ஈ. சோதனையில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள செயற்கைத் தலையோடு 7.5 மீட்டர் வேகத்தில் இடிக்கிறார்கள். தலையின் ஆற்றல் மட்டும் சுமார் 140 ஜூல். கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். அதைவிட முக்கியமானது: உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற ஈ.பி.எஸ். அடுக்கு, தலைக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே சிக்கி நசுங்கித்தான் வேலை செய்கிறது. உள்ளே தலை இல்லாதபோது அதை நசுக்க எதுவும் இல்லை.

திருச்சி ஃபிசிக்ஸ்: கணக்கு சரி. ஆனா மெல்லிய விரிசல் கண்ணுக்குத் தெரியாதே? 9000 ரூபாயா உயிரானு பார்த்தா மாத்திடறதுதானே புத்திசாலித்தனம்?

விரிசல் பற்றிய கவலை நியாயமானது, அதனால்தான் பரிசோதனை. பஞ்சு லைனரையும் கன்னப் பேடையும் கழற்றுங்கள். ஈ.பி.எஸ்.ஸை டார்ச் அடித்துப் பாருங்கள்: கீறல், பள்ளம், ஓட்டிலிருந்து விலகல் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஸ்ட்ராப் ரிவெட், வைசர் (முகக் கண்ணாடி) கீல் இரண்டையும் அசைத்துப் பாருங்கள். ஃபைபர், கார்பன் ஓடு என்றால் விழுந்த இடத்தில் நட்சத்திரம்போல் கோடுகள் ஓடியிருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதில் ஒன்று தென்பட்டாலும் மாற்றுங்கள்.

ஓசூர் டாமினர்: மிரர்ல மாட்டி வெச்சிருந்தது, உள்ளே யூ லாக் போட்டிருந்தேன். அப்படியே விழுந்துச்சு. அதுக்கும் இதே பதிலா?

இல்லை, உங்களுக்கு வேறு. உள்ளே கனமான இரும்பு இருந்தால் அது உள்ளிருந்து ஈ.பி.எஸ்.ஸை இடித்திருக்கும். லாக் பட்ட இடத்தில் பள்ளம் இருந்தால் ஹெல்மெட் முடிந்தது. ஓடும் பைக்கிலிருந்து உருண்டு போன ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். தலையோடு ரோட்டில் பட்ட ஹெல்மெட் என்றால் பேச்சே இல்லை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய ஈ.பி.எஸ். பழைய நிலைக்குத் திரும்பாது.

இன்னொன்றும் சொன்னீர்கள்: மிரரில் மாட்டுவது. தினமும் மாட்டினால் மிரரின் நுனி அதே இடத்தில் அமுங்கி உள்ளே குழி விழும். பார்க்கிங்கில் ஒருமுறை விழுவதைவிட இது மோசம்.

திருச்சி ஃபிசிக்ஸ்: அப்ப அஞ்சு வருஷத்துல மாத்தணும்ங்கறதும் கம்பெனிக்காரன் வியாபாரம்தானா?

அதில் பொருள் இருக்கிறது. வியர்வை, வெயில், பெட்ரோல் ஆவி எல்லாம் சேர்ந்து லைனரையும் பசையையும் ஸ்ட்ராப்பையும் தளர்த்தும். தினமும் போடுகிறவர் ஐந்து வருடத்தில் மாற்றுவது சரி. தயாரித்த மாதமும் வருடமும் லேபிளில் இருக்கும், வாங்கும்போதே பாருங்கள். பெட்ரோல் போடும்போது ஹெல்மெட்டை டேங்க் மூடி பக்கத்தில் வைக்காதீர்கள். தின்னர், டர்பென்டைன் தொட்டுத் துடைக்காதீர்கள். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், ஜாக்கெட் கேள்விகள் காத்திருக்கின்றன.

தாம்பரம் ஹிமாலயன்: நம்ம ஊர் வெயிலுக்கு ஜாக்கெட் சாத்தியமா? ஆர்மர் சட்டை மட்டும் போட்டா போதும்ங்கறாங்க.

ஜாக்கெட் லேபிளில் பைக் ஓட்டும் உருவத்துக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய இ.என். 17092 தரத்தில் ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி என்று ஐந்து வகுப்பு. நீங்கள் கேட்கும் வலைச் சட்டையில் ஆர்மர் (அடி தாங்கும் பேட்) வைத்த வகை 'சி'. அது இடியைத் தாங்கும், ரோட்டில் தேய்வதைத் தாங்காது. அதன் மேல் தேய்மானம் தாங்கும் ஒன்றைப் போட வேண்டும். காட்டன் சட்டை அந்தக் கணக்கில் வராது.

நம் வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட்தான். ஆனால் தோளும் முழங்கைப் பின்புறமும் கெட்டித் துணியாக இருக்கட்டும், வலை நெஞ்சிலும் உள்கையிலும் மட்டும். கையை மடக்கி, முழங்கை ஆர்மரைப் பிடித்துத் திருகுங்கள். சுற்றி நகர்ந்தால் ஜாக்கெட் பெரிது. விழும்போது ஆர்மர் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கமாகிவிடும்.

ஆர்மரில் லெவல் 1, லெவல் 2 உண்டு. தோள், முழங்கைக்கு இ.என். 1621-1: உள்ளே கடத்தும் விசை சராசரியாக லெவல் 1இல் 35 கிலோ நியூட்டன் வரை, லெவல் 2இல் 20 வரை. முதுகுக்கு 1621-2: லெவல் 1இல் 18, லெவல் 2இல் 9. 'டி பிளஸ்' குறி இருந்தால் 40 டிகிரியிலும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். சில ஆர்மர் சூட்டில் இளகும், எனவே நமக்கு அந்தக் குறி முக்கியம். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வருவது வெறும் ஸ்பாஞ்ச். வெளியே எடுத்துப் பாருங்கள், தர எண் அச்சிடவில்லை என்றால் தனியாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

உள்ளே பனியன் வேண்டாம், நனைந்து ஒட்டும். மெல்லிய முழுக்கை டிரை ஃபிட் போடுங்கள். மே மாதம் வேலூர், திருச்சிப் பக்கம் உலர் வெயிலில் நீண்ட தூரம் போனால் உள் சட்டையை நனைத்துக்கொண்டு ஜாக்கெட் ஜிப்பை முழுக்க மூடி ஓட்டுங்கள். சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. தண்ணீர் குடித்துக்கொண்டே போவதுதான் வழி.

மதுரை அப்பாச்சி: 3000 பட்ஜெட், பெஸ்ட் ஹெல்மெட் எது?

தலை அளவு?

விழுப்புரம் ஷைன்: அண்ணா 1500ல ஒரு நல்ல ஹெல்மெட்...

நெல்லைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். டேப் எடுத்து அளந்துவிட்டு வாருங்கள். ஸ்ட்ராப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஈரோடு ஜூபிடர்: கொண்டை போட்டா ஹெல்மெட் ஏற மாட்டேங்குது. பெரிய சைஸ் வாங்கலாமா?

வேண்டாம்மா. கொண்டைக்காகப் பெரிதாக்கினால் நெற்றியில் ஆடும். ஹெல்மெட்டின் பின் விளிம்புக்குக் கீழே வரும்படி தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். பின்மண்டையில் கிளிப், ஹேர்பின் எதுவும் ஹெல்மெட்டுக்குள் இருக்கக் கூடாது. அடிபடும்போது அது மண்டையில்தான் குத்தும். பின்னால் உட்காருகிறவருக்கும் இதேதான்.

கும்பகோணம் ஆக்டிவா: மூணு வயசுப் பையனை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன்.

2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டும், உங்களோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம்; வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. பெரியவர் ஹெல்மெட்டைத் துணி வைத்துச் சின்னதாக்காதீர்கள். கழுத்துக்குப் பாரம், ஆடவும் செய்யும். குழந்தை அளவில் எடை குறைந்ததாகப் பாருங்கள்.

நாகர்கோவில் இன்டர்செப்டர்: மழையில வைசர் உள்பக்கம் பனி படியுது.

பின்லாக் லென்ஸ் போடுங்கள், வைசரின் உள்பக்கம் பொருத்தும் பனி படியாத லென்ஸ் அது. வைசரின் இரண்டு ஓரத்திலும் அதை மாட்டும் 'பின்' (சின்னக் குமிழ்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாத வைசருக்குப் பொருந்தாது. வைசரைக் கழற்றி, லேசாக விரித்துத் தட்டையாக்கி, லென்ஸைப் பின்களுக்கு நடுவே வையுங்கள். சுற்றியுள்ள சிலிகோன் விளிம்பு முழுவதும் வைசரில் ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் பின்னைத் திருகி இறுக்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஈரம் புகுந்து நிலைமை இன்னும் மோசமாகும். லென்ஸ் எளிதில் கீறும்; தண்ணீரும் மென்துணியும் மட்டும். கறுப்பு வைசரோடு இரவில் மழையில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான்.

பெங்களூர் தமிழன்: ஹிமாலயன் 450 எடுக்கலாமா, 390 அட்வென்ச்சரா?

இன்று கியர் மட்டும். 350 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகள் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. வகையில் வருகின்றன. பழைய விலையை வைத்துக் கணக்குப் போடாமல், கியருக்கான பணத்தையும் அதே பட்ஜெட்டில் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.

தஞ்சாவூர் ஹண்டர்: ஹெல்மெட் போதும், கையுறை பூட்ஸ் எல்லாம் ரேஸ்காரங்களுக்குத்தானே?

விழுகிறவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு அப்போது உடையலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, சேர நாளாகும். கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லைடர் இருந்தால் கை ரோட்டில் ஊன்றி நிற்காமல் வழுக்கிப் போகும். இ.என். 13594 லேபிள், ஸ்லைடர், மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை, மூன்றும் இருக்க வேண்டும். பட்டையைக் கட்டிவிட்டு விரல் நுனியைப் பிடித்து இழுங்கள். கையுறை கழன்று வந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

காலுக்கு இ.என். 13634 பூட்ஸ் எடுங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் கெட்டி வட்டு இருக்கட்டும். அடியைக் குறுக்காகப் பிடித்து நசுக்கினால் எளிதில் மடங்கக் கூடாது. பைக் காலின் மேல் சாயும்போது நசுக்குவது அந்தத் திசையில்தான். நாடா வைத்த மாடல் என்றால் நுனியை உள்ளே செருகும் வசதியும் வேண்டும், கியர் லீவரிலோ ஃபுட் பெக்கிலோ நாடா சிக்கினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாது.