வள்ளம் கவிழ்ந்தால், காப்பாற்ற ஆள் வரும்வரை: கேள்வி பதில்

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மீன்பிடித் தொழிலாளர்களுக்கும் கடலில் உயிர்காக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் சின்னமுட்டம் வரை நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் நம் ஊர்களில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் பூசி மெழுகாமல் நேராகச் சொல்கிறேன்.

வள்ளவிளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வள்ளம் கவிழ்ந்து கிடக்குது, தூரத்தில் கரை விளக்கு தெரியுது. நல்லா நீந்தத் தெரிஞ்சவன் நீந்திப் போயிடலாமே?

போகாதே தம்பி. தலை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்போது தூரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. முட்டம் கலங்கரை விளக்கம் பல மைல் தள்ளியும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். நீ கரையைப் பார்த்து நீந்துவாய், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உன்னைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இந்த முடிவை எடுத்துப் பிரிந்து போகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

ஃபைபர் வள்ளத்தில் மிதப்பதற்கான ஃபோம் நிரப்பியிருந்தால், கவிழ்ந்தாலும் பெரும்பாலும் முழுதாக மூழ்காது. அதன் முதுகில் ஏறிப் படுத்துக்கொள். உடம்பு எவ்வளவு தண்ணீருக்கு வெளியே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தேடி வரும் விமானத்துக்கு மனிதத் தலை ஒரு புள்ளி, தேங்காய் மிதப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கவிழ்ந்த வள்ளம் கண்ணில் படும்.

பெரிய விசைப்படகு மூழ்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. வலையும் கயிறும் காலில் சுற்றாத தூரத்துக்கு விலகு. மூடி இறுக்கிய காலி கேன், ஐஸ்பெட்டி மூடி, வலை மிதவை, எது கிடைத்தாலும் பிடித்துக்கொள். அப்புறம் எல்லோரும் ஒரே கயிற்றில் இணைந்துகொள்ளுங்கள், ராத்திரியில் ஒருவர் தூங்கிப்போனாலும் தனியாகப் போய்விட மாட்டார்.

குளச்சலிலிருந்து: நம்ம கடல் வெதுவெதுப்பாத்தானே இருக்கு, குளிர் ஆளைக் கொல்லுமா?

கொல்லும், ஆனால் மெதுவாக. கடல் 28 டிகிரி என்றாலும் உடம்பு 37. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஒரு ராத்திரி கிடந்தால் நடுக்கம் வரும், பிறகு கை வலுவிழக்கும், புத்தி தடுமாறும். சட்டையைக் கழற்றாதீர்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நெருங்கி இருங்கள், சின்னப் பையன்களை நடுவில் வையுங்கள்.

இனயத்திலிருந்து: தாகம் தாங்காம கடல் தண்ணியைக் கொஞ்சம் குடிச்சா என்ன?

ஒரு வாய்கூட வேண்டாம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற சிறுநீரகம் நீங்கள் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பிலிருந்து எடுக்கும். மழை பெய்தால் தார்ப்பாயை முதலில் மழையிலேயே அலசிவிட்டுப் பிடியுங்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீனைப் பச்சையாகத் தின்னவும் வேண்டாம், அது செரிக்கவும் தண்ணீர் கேட்கும்.

பூத்துறையிலிருந்து: உயிரோட தூக்கிக் கப்பலில் ஏத்தின ஆள், ஏறின கொஞ்ச நேரத்திலேயே இறந்து போனதாக் கேள்விப்பட்டிருக்கேன். அது எப்படி?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும்போது கடலின் அழுத்தம் கால்களைச் சுற்றி நெருக்கி, இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பல மணி நேரம் கிடந்த ஒருவரை அக்குளில் பிடித்து நேராகத் தூக்கினால் அந்த அழுத்தம் சட்டென்று போய்விடும். இரத்தம் காலுக்கு இறங்கும், குளிர்ந்த இதயத்தால் ஈடுகொடுக்க முடியாது. ‘தப்பிச்சாச்சு’ என்று மனசு தளர்வதும் அதே நொடியில்தான்.

அதனால் தூக்குகிறவர்கள் முடிந்தவரை படுத்த நிலையில் தூக்குங்கள். அக்குளுக்கு ஒரு வார், முழங்காலுக்கு ஒரு வார் போட்டால் போதும், வலையைத் தொட்டில் போலப் பிடித்தும் தூக்கலாம். தளத்தில் ஏற்றியதும் நடக்க விடாதீர்கள். படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றி, போர்வை சுற்றுங்கள். கைகால் தேய்க்க வேண்டாம், சாராயம் கூடவே கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம்.

தண்ணீரில் இருப்பவருக்கு: பெரிய கப்பல் பக்கத்தில் வந்ததும் அதை நோக்கி நீந்தாதீர்கள், புரொப்பல்லர் இருக்கிறது. அவர்கள் காற்றைத் தடுத்து நின்று கயிறு வீசுவார்கள். கயிற்றை நெஞ்சைச் சுற்றி இறுகாத முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். பல மணி நேரம் நனைந்த கையை நம்பி ஏணியில் ஏற வேண்டாம்.

முட்டத்திலிருந்து: ஹெலிகாப்டர் வந்தா?

மேலிருந்து கம்பியில் இறக்கும் கொக்கி கடல் தண்ணீரைத் தொடும்வரை அதைத் தொடாதீர்கள், மின்சாரம் ஏறியிருக்கும். அந்தக் கம்பியை வள்ளத்தில் கட்டவே கூடாது. அதில் வரும் மீட்பு வளையத்தை அக்குளுக்குக் கீழே போட்டபின் கையைத் தூக்காதீர்கள், நழுவி விழுந்துவிடுவீர்கள்.

சின்னத்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் வரவேண்டிய நாள் தாண்டிடுச்சு என்றால் நாங்க முதலில் என்ன செய்யணும் அண்ணா?

ஒரு நாள் பொறுப்போம் என்று இருக்காதே தங்கச்சி. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093, இரண்டுக்கும் போன் போடு. மீன்வளத் துறைக்கும் பங்குத்தந்தைக்கும் சொல். அவர்கள் கேட்பது படகின் பதிவு எண், நிறம், எத்தனை பேர், என்று எங்கிருந்து போனார்கள், கடைசியாகப் பேசிய இடம், டீசலும் ஐஸும் எத்தனை நாளுக்கு. இவை எல்லாவற்றையும் அவர் கிளம்பும் அன்றே எழுதி, படகின் போட்டோவோடு வைத்துக்கொள். தேடும் பரப்பு ஒவ்வொரு மணி நேரமும் விரிந்துகொண்டே போகும், நீ சொல்லும் விவரம்தான் அதைச் சுருக்கும். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி படகில் இருக்கிறதா, அதை இயக்க எல்லோருக்கும் தெரியுமா என்றும் கேள். ஓட்டுநருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

தேங்காப்பட்டணத்திலிருந்து: துறைமுக வாயில் அலையில் வள்ளம் கவிழ்ந்து ஒருத்தரை மயக்கமாத் தூக்கி வர்றாங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கலாமா?

வேண்டாம். தலைகீழாகத் தொங்கவிடவும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். மாற்றி மாற்றி 30 அழுத்தம், 2 மூச்சு. அவர் எழுந்து ‘சரியாகிட்டேன்’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

அந்த வாயிலைக் கடக்கும் நேரத்திலாவது லைஃப் ஜாக்கெட் போடுங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்பது எனக்குத் தெரியும், நியாயமான புகார்தான். ஆனால் அங்கே வலை இழுக்கும் வேலை இல்லையே.

கடியப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மா: மகன் தப்பி வந்துட்டான். தூக்கமில்லை, கடலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறான்.

அம்மா, அவன் பயந்தாங்கொள்ளி ஆகிவிடவில்லை. கூட வந்தவர் போய்த் தான் மட்டும் பிழைத்தால் அந்தப் பாரம் இன்னும் கூடும். ‘எப்போ தொழிலுக்குப் போவே’ என்று வீட்டில் யாரும் கேட்காதிருக்கட்டும். சில வாரங்களில் தூக்கம் திரும்பவில்லை என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன்பே பேச வேண்டுமென்றால் 14416 இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். முதல் தடவை நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.