லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்: வேரைப் பார்த்து வாங்குங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பூவில் செருப்பு போன்ற ஒரு பை தொங்கும் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டையே சுற்றிச் சுற்றி வந்ததால் மற்றச் செடிகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ரோஜா ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேடீஸ் ஸ்லிப்பர் என்று சொல்லி ஒரு செடி கொடுத்தார்கள். ஜன்னலோரம் தொட்டியில் நன்றாகத்தான் இருக்கிறது. இதைத் தோட்டத்து மண்ணில் நட்டால் உறைபனியைத் தாங்குமா?

முதலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, பட்டை பட்டையாக, அடியிலிருந்தே விசிறி போலக் கிளம்பி, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது பாபியோபெடிலம். வெப்பமண்டல ஆசியாவின் செடி, ஒரு ராத்திரி உறைபனி பட்டாலே போய்விடும், ஜன்னலோரமே அதற்குச் சரியான இடம். இலை மெல்லியதாக, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக, குளிர்காலத்துக்கு முன் மொத்தமாகக் காய்ந்து மண்ணுக்குள் அடங்கிவிடுகிறது என்றால் அது சைப்ரிபீடியம். தோட்டத்து மண்ணில் வைப்பது இதைத்தான். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளில் ஏறக்குறைய 50 இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பல மைனஸ் 20 டிகிரியிலும் மண்ணுக்குள் சுகமாகத் தூங்கும்.

ஆனால் அந்தத் தூக்கம் கட்டாயம் வேண்டும். வருடத்தில் சுமார் மூன்று மாதம் 5 டிகிரிக்குக் கீழே இருக்காவிட்டால் அடுத்த வருடம் முளை ஒழுங்காக வராது, அதற்கடுத்த வருடம் செடியே இருக்காது. குளிர்காலம் என்பதே இல்லாத ஊரில் வேரை ஈரப்பாசியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், முடியாதது இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபடுவதற்குப் பாபியோபெடிலமே வளர்த்துவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஒரே வகைச் செடிக்கு ஒருவர் சொல்லும் விலைக்கும் இன்னொருவர் சொல்லும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறதே, மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் என்ன?

விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதும் புரிந்துவிடும். இந்தச் செடியின் விதை வெறும் தூள். மற்ற விதைகளில் இருப்பது போல முளைக்கு வேண்டிய உணவு எதுவும் உள்ளே கிடையாது. காட்டில் விழும் விதை, தனக்கு ஏற்ற ஒரு பூஞ்சை கிடைத்து அது ஊட்டினால்தான் முளைக்கும். நர்சரிக்காரர்கள் இந்த வேலையை ஆய்வகக் குடுவைக்குள் சத்துக்கூழில் செய்கிறார்கள். அங்கே முளைத்த குட்டியைக் குளிரூட்டி, மண்ணுக்குப் பழக்கி, பூக்கும் வயதுக்குக் கொண்டுவர இன்னும் சில வருடங்கள் ஆகும். காட்டிலே வளரும் சைப்ரிபீடியம் ரெஜினே முதல் பூவைக் காட்ட 16 வருடம் வரைகூட ஆகலாம். இவ்வளவு வேலை வாங்கும் செடி, பூக்கும் அளவில், அடிமாட்டு விலைக்கு வருகிறது என்றால் ஒன்று அது வேறு செடி, இல்லையென்றால் காட்டிலிருந்து தோண்டியது.

காட்டுச் செடியை வாங்காதீர்கள் என்று நான் கறாராகச் சொல்வதற்கு இரண்டு காரணம். தோண்டும்போதே பாதி வேர் அறுந்துவிடுவதால் அதில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் செத்துப்போகும், உங்கள் பணம் அதோடு போச்சு. இரண்டாவது, இந்த ஆசை ஒரு இனத்தையே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே சைப்ரிபீடியம் கால்சியோலஸைப் பறித்தும் தோண்டியும் தீர்த்து, 1917-இல் அழிந்தேபோனது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1930-இல் யார்க்‌ஷரில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது, அது இருக்கும் இடத்தைப் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லாமல் காவல் காத்தார்கள். பிறகு கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வகத்தில் விதையிலிருந்து நாற்றுகளை வளர்த்து மறுபடி காட்டில் நடத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ரெஜினேதான் மாநில மலர், 1925-லேயே அதைப் பறிக்கத் தடை வந்துவிட்டது.

ஆகவே விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்: விதையிலிருந்து வளர்த்ததா, எத்தனை வருடச் செடி, பூத்திருக்கிறதா? விதையிலிருந்து வளர்த்தவர் சந்தோஷமாகக் கதை கதையாகச் சொல்வார். "நர்சரியில் வைத்திருந்தது" என்று மட்டும் மழுப்பினால் கவனம், காட்டில் தோண்டியதை ஒரு பருவம் தொட்டியில் வைத்தாலும் அது நர்சரியில் இருந்த செடிதானே! வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இன்னொன்று. சைப்ரிபீடியம் முழுக்கவே, காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட உரிய ஆவணம் வேண்டும், அதைத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் தூங்கும் பருவத்தில் மண்ணில்லாத வெறும் வேராகத்தான் செடி கைக்கு வரும். பிரித்ததும் பயந்துவிடாதீர்கள், குட்டையான ஒரு கிழங்கிலிருந்து கயிறு கயிறாக வேர்கள் நாலா பக்கமும் விரிந்திருக்கும், அவ்வளவுதான் செடி. வேர் விறைப்பாக, வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்க வேண்டும். அழுத்தினால் நசுங்கும் கறுத்த வேர் அழுகல். நடுவில் கூம்பு கூம்பாக நிற்கும் மொட்டுகள்தான் அடுத்த வசந்தத்தின் தண்டுகள். பருத்த மொட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் நல்ல செடி. ஒல்லியாக ஒற்றை மொட்டு என்றால் பூவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: முதல்முறை வைக்கிறேன். எந்த வகையில் தொடங்கலாம்? எனக்கு அந்த இளஞ்சிவப்புப் பை தொங்குகிற காட்டு வகை மேல் ஆசை.

ஆசை புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்வது சைப்ரிபீடியம் அகாலே என்றால் வேண்டவே வேண்டாம். அதற்கு பிஎச் 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட கடும் அமில மண் வேண்டும், கைதேர்ந்தவர்களே அதைத் தோட்டத்தில் தக்கவைக்கத் திணறுகிறார்கள். கலப்பினத்தில் தொடங்குங்கள். கலப்பினம் காட்டு இனத்தைவிட வேகமாக வளரும், மண்ணிலும் வெயிலிலும் சிறிய பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். கிசெலா குட்டையாகக் கொத்தாகப் பெருகும். உல்லா சில்கென்ஸ் உயரமாக, வெள்ளையில் சிவப்புச் சாயல் ஏறிய பூக்களோடு நிற்கும். பிலிப் வகையின் பெற்றோரில் ஒன்று கென்டக்கியென்சே, இந்தப் பேரினத்திலேயே பெரிய பூ அதனுடையதுதான். காட்டு இனம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ரெஜினே அல்லது மஞ்சள் பூப் பூக்கும் பார்விஃப்ளோரம்.

ரெஜினேயின் இலையிலும் தண்டிலும் இருக்கும் மெல்லிய முடி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழி எவ்வளவு ஆழம்? தொழுவுரம் போடலாமா?

தொழுவுரத்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். இந்தச் செடி சாவது பசியால் குறைவு, அழுகலால்தான் அதிகம். காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடமாகப் பார்த்து, அரை மீட்டர் அகலம், ஒரு சாண் அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் குழி எடுங்கள். வேர் கீழே போகாது, பக்கவாட்டில்தான் ஓடும், அதனால் அகலம்தான் முக்கியம். குழியிலிருந்து எடுத்த மண்ணில் ஒரு பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைத் துகள்) அல்லது எரிமலைக் கல் தூள் இரண்டு பங்கு, கலந்து நிரப்புங்கள். நடுவில் சின்ன மேடு செய்து கிழங்கை அதன் மேல் உட்காரவைத்து, வேர்களைச் சுற்றிலும் விரித்துவிட்டு மூடுங்கள். மொட்டின் நுனிக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் போதும். இலையுதிர் காலம்தான் இதற்கு நல்ல சமயம், தவறினால் வசந்தத்தில் முளை கிளம்பும் முன்.

அப்புறம், கோடையில் மண் ஒரு நாளும் முழுக்கக் காயக்கூடாது, ஒரு நாளும் தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது. முளை வந்ததிலிருந்து நடுக்கோடை வரை, சாதாரண உரத்தைப் பாதியாகவோ கால் பங்காகவோ நீர்க்கக் கரைத்து அவ்வப்போது ஊற்றலாம். அதன் பிறகு நிறுத்திவிடுங்கள், செடி தூங்கத் தயாராக வேண்டும். வசந்தத்தில் நத்தைகளைத் தேடிப் பிடியுங்கள், ஒரு ராத்திரியில் ஒரு வருடத்து முளையை மொட்டையடித்துவிடும். கடைசி நேர உறைபனி வரும்போல் இருந்தால் முளையின் மேல் ஒரு வெறுந்தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: பூவின் பைக்குள் ஒரு தேனீ விழுந்து தவிக்கிறது. எடுத்துவிடட்டுமா?

விட்டுவிடுங்கள், பாதை இருக்கிறது. அந்தப் பையின் வாய் விளிம்பு உள்பக்கமாக மடிந்து வழவழப்பாக இருப்பதால் வந்த வழியே ஏற முடியாது. பின்சுவரில் மட்டும் முடிகள் இருக்கும், அதைப் பற்றி ஏறலாம். அங்கே இதழ் மெலிந்து வெளிச்சம் கசியும் இடம் இருப்பதால் பூச்சியும் அந்தப் பக்கமே போகும். போகிற வழி முதலில் சூல்முடிக்கு அடியிலும் அடுத்து மகரந்தத்தை ஒட்டியும் நெருக்கிக்கொண்டு செல்வதால், முதுகில் மகரந்தத்தை அப்பிக்கொண்டுதான் வெளியே வரும். இத்தனைக்கும் பூவில் ஒரு துளித் தேன்கூடக் கிடையாது. சுத்த ஏமாற்று வேலை! எப்போதாவது அளவில் பெரிய வண்டு மாட்டிக்கொண்டால் மட்டும் பையைச் சற்றே சாய்த்து உதவலாம்.

கேள்வி: பூ முடிந்ததும் அலங்கோலமாக இருக்கிறதென்று தண்டை வெட்டிவிடலாமா? கொத்தைப் பிரித்துத் தங்கைக்கு ஒரு பங்கு கொடுக்கவும் ஆசை.

வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள், இலையில் கை வைக்காதீர்கள். அடுத்த வருடத்து மொட்டை மண்ணுக்குள் கட்டுவது அந்த இலைதான், தானாகக் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் மஞ்சளாகிச் சரிவதைப் பார்த்து, செத்துவிட்டதென்று தோண்டி எறிந்தவர்களும் உண்டு.

பிரிப்பதென்றால் அந்த இலை காய்ந்த பருவத்தில், கொத்தில் நிறைய மொட்டு சேர்ந்திருந்தால் மட்டும். தோண்டி எடுத்து மண்ணைத் தண்ணீரில் அலசினால் கிழங்கு இயல்பாகவே எங்கே பிரியத் தயாராக இருக்கிறது என்று தெரியும், அங்கே கையால் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கிலும் மூன்று மொட்டாவது இருக்கட்டும். தங்கையிடம், அடுத்த வசந்தத்தில் பூ வராவிட்டால் உங்களைத் திட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.